ஆண்டாள் ஊரில் துப்பாக்கி பிடித்தேன்!

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "பால்கோவா எங்கே?" என்பீர்கள். அடுத்தபடியாக, "ஆண்டாள் தேர் பார்த்தாயா?" என்பீர்கள். ராஜபாளையத்துக்கும் போனேன் என்று சேர்த்துச் சொன்னால், "நாய்க்குட்டி ஏதாவது வாங்கி வந்து விட்டாயா?" என்று சற்றுப் பயத்துடனேயே விசாரிப்பீர்கள். மூன்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்த சமாசாரம் வேறு. போன ஆடி மாதம் அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே நாலு நாள் இருந்துவிட்டு, நான் துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன்!

சிரிக்காதீர்கள். நிஜத் துப்பாக்கிதான். வெடிமருந்து மட்டும் கிடையாது. உள்ளே ஒரு கம்பிச்சுருள். குழலை மடக்கி நிமிர்த்தினால் அது இறுகிக்கொள்ளும். விசையைத் தொட்டால் அது விரிந்து, குழந்தைகளின் பீச்சாங்குழலில் இருப்பது போன்ற ஒரு தண்டை முன்னே தள்ளும். காற்று நெருங்கி, ஈயக்குண்டை வெளியே உதைத்துத் தள்ளும். காற்றுத் துப்பாக்கி என்பது அவ்வளவுதான். திருவிழாவில் பலூன் சுடுகிறோமே, அதே ஜாதி.

எங்கள் பிரயாணம் அந்தப் பலூன் கடையில்தான் திசை மாறிற்று. ஆனால் அதற்கு முன்னே ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் என் அக்கா கோபித்துக் கொள்வாள். அவள் புகுந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர்.

சென்னை எழும்பூரில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், காலையில் கண் விழிக்கும்போது மேற்கே மலை கூடவே ஓடி வரும். முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர், அடுத்துப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ராஜபாளையம். ரயிலிலிருந்து இறங்கி ஊருக்குள் வருமுன்பே கோபுரம் தெரிந்துவிடும். பதினோரு நிலை, சுமார் 192 அடி உயரம். தமிழ்நாட்டு அரசாங்கத்தின் முத்திரையில் நிற்பது எங்கள் கோபுரம்தான் என்று அவ்வூர்க்காரர்கள் சொல்லும்போது, அந்தக் கோபுரத்தை அவர்களே நேற்றுக் கட்டி முடித்தது போல ஒரு பெருமை முகத்தில் தெரியும்.

அந்த ஊர்ப் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வில்லி புத்தூர். ஸ்தல புராணப்படி, மல்லி என்ற ராணிக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு பிள்ளைகள், இருவரும் வேட்டைக்காரர்கள். காட்டில் வேட்டைக்குப் போனபோது கண்டனைப் புலி அடித்துவிட்டது. தம்பியைத் தேடி அலைந்து களைத்து மரத்தடியில் தூங்கிப்போன வில்லிக்குப் பெருமாள் கனவில் வந்து சொல்ல, அவன் காட்டைத் திருத்திக் கோயிலும் ஊரும் எழுப்பினானாம். வில்லி என்றால் வில்லை உடையவன். ஆக, பால்கோவாவுக்கும் பாசுரத்துக்கும் பெயர் போன இந்த ஊர், ஒரு வேடன் குறி பார்ப்பதை விட்டுவிட்ட இடத்தில் பிறந்திருக்கிறது! இது அக்கா சொன்னதல்ல, நானாக நினைத்தது. ஏன் நினைத்தேன் என்பது போகப் போகத் தெரியும்.

ராஜபாளையத்தின் வெள்ளை நாயும் வேட்டைக்குப் பிறந்ததுதான். இளஞ்சிவப்பு மூக்கும், ஒட்டிய வயிறும், எஜமானைத் தவிர யாரையும் சட்டை செய்யாத பார்வையுமாக நிற்கும். 2005-ல் தபால் இலாகா அதற்கு ஒரு தலை வெளியிட்டது. வேட்டைதான் போய்விட்டதே; இப்போது மில் முதலாளி வீட்டு வாசலிலும் தோப்பு வேலியோரத்திலும் காவல் இருக்கிறது. அந்த ஊர் நூல் மில்களுக்கு வயசு ஆகிறது: பி.ஏ.சி. ராமசாமி ராஜா முதல் மில்லை ஆரம்பித்தது 1936-ல். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற காயம் கட்டும் துணி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. நம் வீட்டுக் குழந்தையின் முழங்காலில் எத்தனை தடவை அந்த ஊர்த் துணியைச் சுற்றியிருப்போமோ, யார் கண்டது!

நிற்க. பலூன் கடைக்கு வருகிறேன்.

ஆடிப்பூரம் ஆண்டாள் அவதரித்த நாள். அன்றைக்குத் தேர். அந்தத் தேரின் பிரம்மாண்டத்தைப் படத்தில் பார்த்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். முன்காலத்தில் நாள் கணக்கில் இழுத்த தேர், சக்கரங்களை மாற்றி அமைத்த பிறகு ஒரே நாளில் நிலைக்கு வந்துவிடுகிறது. சாயங்காலம் ஜனங்கள் கடைத்தெருப் பக்கம் திரும்பினார்கள். வளையல் கடை, ராட்டினம், அப்பளம், மிளகாய் பஜ்ஜி. நடுவே ஒரு படுதாவில் வரிசை வரிசையாகப் பலூன்கள். முன்னே ஒரு பலகை. அதன்மேல் இரண்டு துப்பாக்கி.

என் வீட்டுக்காரர் காலேஜில் என்.சி.சி.யில் இருந்தவர். அதாவது, இருந்ததாக முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். "பத்துக் குண்டு, பத்துப் பலூன். எண்ணிக்கொள்" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். எண்ணினேன். இரண்டு. அதில் ஒன்று அவர் குறி பார்த்த பலூன் அல்ல. அதற்குப் பக்கத்து வீடு.

"துப்பாக்கி சரியில்லை" என்றார்.

அப்புறம் நான் வாங்கினேன். பத்தும் படுதாவுக்கே போயிற்று. என் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பின்னால் நின்ற அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. துப்பாக்கியில் கோணல் இருக்கு. ஆனா உங்க பத்துக் குண்டும் ஒரே பக்கமா இடது ஓரமாப் போயிருக்கு. அது துப்பாக்கிக் கோணல் இல்லே. கண்ணுக் கோணல். நாளைக்குத் தோப்புக்கு வாங்க" என்றார்.

அத்தானுக்கு ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோயில் போகிற பாதையில் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. சப்பட்டை மா. தோப்பின் முதுகில் மலை நிற்கும். மழை பெய்தால் அருவிச் சத்தம் தோப்பு வரையில் கேட்கும். மாம்பழக் காலம் முடிந்துவிட்டிருந்தது. நிழலும் எறும்பும் மட்டும் பாக்கி. ஒரு கோடியில் பழைய மரப்பெட்டி; அதன் வயிற்றில் கிழிசல் துணியும் பழைய பத்திரிகைகளும் திணித்து, முகத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. பெட்டிக்குப் பின்னால் ஆள் உயர மண்மேடு. பத்து மீட்டர் தள்ளி ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு துப்பாக்கி, ஒரு தகர டப்பாவில் குண்டு.

முதல் நாள் என்னைச் சுடவே விடவில்லை, கேளுங்கள்!

"இரண்டு கையையும் நீட்டுங்க. விரலைச் சேர்த்து நடுவே ஒரு ஓட்டை பண்ணுங்க. இரண்டு கண்ணும் திறந்து, ஓட்டை வழியா அந்த மலைப் பாறையைப் பாருங்க. இப்போ இடது கண்ணை மூடுங்க. பாறை இருக்கா?"

எனக்கு இடது கண்ணை மட்டும் மூட வராது. மூடினால் இரண்டும் மூடிக்கொள்ளும். என் பெண் தன் கையால் மறைத்தாள். பாறையைக் காணோம்! வலது கண்ணை மறைத்தாள். பாறை வந்துவிட்டது.

வலது கைப் பழக்கம் உள்ள எனக்கு இடது கண்தான் எஜமானியாம். துப்பாக்கி வலது தோளில் இருக்கிறது. பார்க்கிற பொறுப்பை இடது கண் பிடுங்கிக்கொள்கிறது. குண்டு இடது பக்கம் போகிறது. ஐம்பது வருஷமாக என்னோடு இருக்கிற கண், எனக்கே தெரியவில்லை. அத்தான் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைக் கத்தரித்து என் மூக்குக்கண்ணாடியின் இடது பக்கத்தில் ஒட்டிவிட்டார். பந்தயத்தில் சுடுகிறவர்களும் இப்படி ஒரு மறைப்பு வைத்துக்கொள்வதுண்டாம். வீட்டில் நீங்களும் அந்த ஓட்டைப் பரீட்சையைச் செய்து பாருங்கள்.

அடுத்தது நிற்பது. "இடுப்பில் குடம் வைச்சிட்டு நில்லுங்க" என்றார். நான் விழித்தேன். அக்கா நின்று காட்டினாள். இடது இடுப்பைச் சற்று முன்னே தள்ளி, குடத்தைச் சுமக்கிற மாதிரி. குடம் இருக்க வேண்டிய இடத்தில் இடது முழங்கை. துப்பாக்கியின் பாரம் கையில் நிற்காமல் முழங்கை வழியாக இடுப்புக்கும், இடுப்பு வழியாகக் காலுக்கும் இறங்கிவிடுகிறது. தசைக்கு வேலை இல்லை; எலும்பு தாங்குகிறது. தசை நடுங்கும், எலும்பு நடுங்காது. ஒலிம்பிக் பந்தயத்தில் நிற்கிறவர்களின் படத்தைப் பாருங்கள். தண்ணீர்த் துறையிலிருந்து திரும்புகிற நம் பாட்டிமார் நிற்பது போலவே நிற்பார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை. புள்ளியைக் குறி பார்த்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறக்கச் சொன்னார். துப்பாக்கி புள்ளியைவிட்டு ஒரு ஜாண் வலப்புறம் போயிருந்தது. நான் கையால் அதை இழுத்துக் கொண்டுவந்தேன். "அதுதான் கூடாது. கையால் இழுத்தா, சுடுகிற நேரத்தில் அது தன் இடத்துக்கே ஓடிப்போகும். காலை நகர்த்துங்க." பின்னங்காலை ஓர் அங்குலம் நகர்த்தினேன். மறுபடி கண்ணை மூடித் திறந்தேன். துப்பாக்கி தானாகவே புள்ளிக்கு நேரே நின்றது. மாயம் போல இருந்தது.

இரண்டாம் நாள் குண்டு கொடுத்தார். இந்தக் குண்டு உருண்டை அல்ல, தெரியுமா? நடுவே இடுப்பு ஒடுங்கி, உடுக்கை மாதிரி இருக்கும். 4.5 மில்லிமீட்டர் விட்டம். ஈயமாதலால் நகத்தால் அழுத்தினாலே நசுங்கும். அதன் பாவாடை ஓரம் நசுங்கியிருந்தால் காற்று ஒரு பக்கம் கசிந்து, குண்டு கோணலாகப் போகும். ஆகவே அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி டப்பாவைத் தட்டில் கொட்டி நசுங்கியதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். இந்த ஒரு வேலையில் நானும் அக்காவும் அத்தானையே மிஞ்சிவிட்டோம். ஆனால் ஈயம் தொட்ட கையோடு எதையும் தின்னக்கூடாது; சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பால்கோவாப் பொட்டலத்தை அவிழ்த்த என் வீட்டுக்காரரைக் கிணற்றடிக்குத் துரத்த வேண்டியதாயிற்று.

துப்பாக்கியின் பின்புறம் ஒரு பள்ளம், முன்புறம் ஒரு முளை. முளையின் தலை பள்ளத்தின் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். முளைக்கு இருபுறமும் சமமாக வெளிச்சம் தெரிய வேண்டும். பள்ளம், முளை, புள்ளி மூன்றையும் ஒரே சமயத்தில் கூர்மையாகப் பார்க்கக் கண்ணால் முடியாது. எல்லோரும் புள்ளியைத்தான் முறைத்துப் பார்ப்பார்கள். அது தப்பு. முளையைப் பார்க்க வேண்டும். புள்ளி மங்கலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஊசியில் நூல் கோக்கும்போது நாம் ஊசிக் காதைத்தானே பார்க்கிறோம்? தைக்கப் போகிற துணியையா பார்க்கிறோம்?

மூச்சைப் பற்றி எனக்கு அவர் சொல்லித் தரத் தேவையில்லாமல் போயிற்று. புள்ளிக் கோலத்தில் நீளமான இழையை இழுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பாதி மூச்சை வெளியே விட்டுவிட்டு, இழை முடியும்வரை சும்மா இருக்கிறோம். யாரும் சொல்லித் தந்ததில்லை. உடம்பு தானாகச் செய்கிறது. அதே சும்மாதான் இதற்கும். ஆனால் ஆறேழு விநாடிக்கு மேல் மூச்சைப் பிடித்தால் கண் மங்கும். அதற்குள் சுட முடியாவிட்டால் துப்பாக்கியைத் தாழ்த்தி, மூச்சு விட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கியைத் தாழ்த்துவது தோற்றுப்போன மாதிரி இருந்தது போலும். முகம் சிவக்கப் பிடித்துக்கொண்டு நிற்பார். குண்டு மண்மேட்டுக்குப் போகும்.

விசை விஷயம் எல்லாவற்றையும்விட முக்கியம். விசையை இழுக்கக் கூடாது. குழந்தைக்கு மூக்கில் சொட்டு மருந்து விடுகிறீர்களே, எப்படி அழுத்துகிறீர்கள்? சொட்டு இந்த நிமிஷம் விழும் என்று உங்களுக்கே தெரியாதபடி மெள்ள மெள்ள அழுத்திக்கொண்டே போகிறீர்கள். அது தானாக விழுகிறது. அப்படி. இப்போது சுடப் போகிறோம் என்று மனசுக்குத் தெரிந்துவிட்டால் தோள் ஒரு நூல் அளவு ஆடிவிடும். இங்கே ஒரு நூல், அங்கே ஒரு விரற்கடை.

இந்தக் கம்பிச்சுருள் துப்பாக்கிக்கு இன்னொரு குணம் உண்டு. குண்டு குழலை விட்டுப் புறப்படுமுன்பே உள்ளே இருக்கிற தண்டு ஓடி முட்டி, துப்பாக்கியை முன்னும் பின்னும் ஒரு குலுக்குக் குலுக்கிவிடும். அதை அடக்கலாம் என்று இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி குலுங்கும். தூங்குகிற குழந்தையை ஏந்துகிற மாதிரி உள்ளங்கையில் தளர வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி குலுங்கும். சுட்ட பிறகும் உடனே தலையைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு விநாடி அப்படியே இருக்க வேண்டும்.

ஐந்து குண்டு சுட்டேன். ஒன்றுகூடப் புள்ளியில் இல்லை. என் முகம் வாடியதைப் பார்த்து அத்தான் கை கொட்டினார். "அஞ்சும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குள்ளே கிடக்கு, பாருங்க! இடம்தான் தப்பு. குண்டு கூட்டமா விழுந்தா தப்பு துப்பாக்கியிடம்; சிதறி விழுந்தா தப்பு நம்மிடம்." பின்பள்ளத்தில் இருந்த திருகைக் குண்டு போக வேண்டிய பக்கமாகக் கொஞ்சம் திருப்பினார். அடுத்த ஐந்தில் மூன்று கறுப்பில். என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து பத்திரிகை படிக்க ஆரம்பித்துவிட்டார்.

இவ்வளவு நுணுக்கம் தெரிந்த அத்தான், தாம் மட்டும் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. குழலை மடக்குவார், குண்டை வைப்பார், எங்களிடம் கொடுப்பார். "நீங்க ஒண்ணு சுட்டுக் காட்டுங்களேன்" என்றதற்குச் சிரித்து மழுப்பினார். அக்காதான் ராத்திரி சமையற்கட்டில் சொன்னாள்.

1981-ல் நடந்தது அது. அத்தானுக்குப் பதினேழு வயசு. மாம்பழக் காலத்தில் கிளிக் கூட்டம் வந்து, தின்னுவது கால் பங்கும் கடித்துப் போடுவது முக்கால் பங்குமாகத் தோப்பைச் சூறையாடும். சத்தம் போட்டு விரட்டச் சொல்லி இவரை அனுப்பினால், இவர் யாரிடமோ இரவல் வாங்கிய காற்றுத் துப்பாக்கியோடு போயிருக்கிறார். அபாரமான குறி. ஒரே குண்டு. கிளியின் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தாயாரிடம் காட்டியிருக்கிறார்.

தாயார் அப்போதுதான் ஆண்டாள் கோயிலிலிருந்து வந்து படி ஏறுகிறார். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆண்டாளின் இடது கையில் ஒரு கிளி உண்டு. பொன்னாலோ கல்லாலோ ஆனதல்ல. பச்சை இலைகளை மடித்து உடம்பும், மாதுளம்பூவால் மூக்கும் வைத்துத் தினந்தினம் புதிதாகக் கட்டுகிறார்கள். மறுநாள் வேறு கிளி. அந்தக் கிளியைத் தரிசித்துவிட்டு வந்த அம்மாள், வாசற்படியில் இந்தக் கிளியைப் பார்த்தார்.

திட்டவில்லையாம். அடிக்கவில்லையாம். கிளியை வாங்கித் தம் முந்தானையில் சுற்றித் துளசி மாடத்தருகே புதைத்துவிட்டு, "அவள் கையில் இருக்கிறதையா சுட்டே?" என்று மட்டும் கேட்டாராம். பிறகு ஒரு மண்டலம் மகனோடு பேசவில்லை. சோறு போடுவார், பேசமாட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலுக்குள் துப்பாக்கி வந்ததில்லை. அவர் கையால் கடைசியாகச் சுட்டது அந்தக் கிளிதான். தோப்பில் நான் பார்த்த துப்பாக்கி, சென்ற வருஷம்தான் வாங்கியது. யாருக்காக? அக்காவின் பெண்ணுக்காக. பதினாறு வயசு, பள்ளிக்கூடத்து என்.சி.சி.யில் இருக்கிறாள். அங்கே துப்பாக்கி சுடுவதில் முதலாவதாக வந்தாள். பயிற்சிக்கு வீட்டில் ஒரு காற்றுத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டதற்குத் தகப்பனாரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. தாயாரிடம் சொல்லவும் தைரியம் இல்லை. அதனால்தான் துப்பாக்கி தோப்புக் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில். ஆச்சிக்குத் தெரியாதாம். எண்பத்தாறு வயசு.

"தெரியாது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்" என்றேன்.

அந்தப் பெண் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. கடலூரில் பிறந்து, ஆமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ டி ஜெனீரோவில் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியது இதே பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில்தான். டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அவருக்கு இறுதிச் சுற்று எட்டவில்லை. பாரிஸில் பத்தாவது இடம், எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. ஆனாலும் 2025-ல் ஆசியப் போட்டியில் மறுபடி தங்கம். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-ல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும், அபினவ் பிந்த்ரா 2008-ல் பெய்ஜிங்கில் நம் நாட்டுக்குத் தனி மனிதர் வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்ததும் இதில்தான். பிந்த்ராவின் கடைசிக் குண்டு 10.8. அதிகபட்சம் 10.9 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பந்தயக் காகிதத்தின் நடுப் புள்ளி எவ்வளவு பெரிது என்கிறீர்கள்? அரை மில்லிமீட்டர்! குண்டூசி முனையால் குத்திய மாதிரி. அதை நோக்கி நின்றபடி அறுபது குண்டு. எனக்கு ஒரு ரூபாய்க் காசு அளவே பெரிய சாதனை.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். தோப்பிலிருந்து தெரிகிற மலை முழுவதும் இன்று புலிகள் காப்பகம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பக்கம், மரத்துக்கு மரம் தாவி, தரையைத் தொடாமலே வாழ்கிற சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-ல் சரணாலயம் ஏற்பட்டது. 2021-ல் அதையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். கண்டனை அடித்த புலிக்குக் காட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று! 1972-ம் வருஷத்துச் சட்டப்படி கிளியைச் சுடுவது மட்டுமல்ல, பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கி, 20 ஜூல் சக்திக்கு மேற்படாமல் இருந்தால் லைசென்ஸ் வேண்டியதில்லை என்று 2016-ம் வருஷத்து ஆயுத விதிகள் விட்டுவைத்திருக்கின்றன. ஆனால் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியாலும் கண் போகும், உயிர் போகும். அருணாசலப் பிரதேசத்தில் குருவி சுட்டுச் சுட்டுக் காடே மௌனமாகிவிட்டதென்று, 2021-ல் ஜனங்களிடம் காற்றுத் துப்பாக்கிகளைத் திருப்பிக் கேட்டு ஓர் இயக்கமே ஆரம்பித்தார்கள். கிராமம் கிராமமாக மனமுவந்து கொண்டுவந்து ஒப்படைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் நாங்கள் வண்டியில் ஏறும்போது ஆச்சி புடவை மாற்றிக்கொண்டு, கைத்தடியோடு வாசலில் நின்றார். "நானும் தோப்புக்கு வாரேன்."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. "வெயில் அம்மா, நீங்க எதுக்கு..."

"எங்கே எல்லாரும் மூணு நாளாப் போறீங்கன்னு பார்க்கணும்."

தோப்பில் கயிற்றுக் கட்டிலில் அவரை உட்கார வைத்தோம். மரப்பெட்டி இருக்கிறது, காகிதம் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது. ஒளிக்க இடமில்லை. ஆச்சி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, தடியை ஊன்றி நடந்து, பெட்டியின் பின்னால் போய் மண்மேட்டைத் தடியால் குத்திப் பார்த்தார். அண்ணாந்து மரங்களைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, பேத்தியைப் பார்த்து, "ம், சுடு" என்றார்.

பெண் இடுப்பில் குடத்தை ஏந்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. பெட்டிப் பக்கம் ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். நாலாவதுக்குத் துப்பாக்கியைத் தூக்கிக் குறி வைத்தாள். எங்கிருந்தோ ஒரு அணில் பெட்டியின் தலைமேல் வந்து உட்கார்ந்தது. சாதாரண முதுகுக் கோட்டு அணில். வாலைத் தூக்கித் தூக்கிக் கீச்சுக் கீச்சென்று கத்திற்று. அவள் விரலை விசையிலிருந்து எடுத்து, துப்பாக்கி முனையைத் தரைப்பக்கம் தாழ்த்திக்கொண்டு நின்றாள். அணில் போகவில்லை. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். "சூ" என்றுகூட அவள் சொல்லவில்லை. அதுவாகவே இறங்கி, வேலிக்குப் போயிற்று. அவள் மூச்சு விட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஐந்து முடிந்ததும் காகிதத்தை எடுத்து வந்து ஆச்சியிடம் கொடுத்தாள். ஆச்சி அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"அஞ்சு சுட்டேன்னு சொன்னே. ஒரே ஓட்டைதானே இருக்கு?"

"அஞ்சும் அதுலதான் போயிருக்கு, ஆச்சி."

ஆச்சி காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மகன் பக்கம் திரும்பாமலே, "கொட்டகையிலே ஈரம் ஏறுமே. இரும்புச் சாமானை அங்கே எதுக்குப் போட்டு வைக்கணும்? வீட்டு அலமாரியிலே பூட்டி வை. சாவி என்கிட்டே இருக்கட்டும்" என்றார்.

அத்தான் கிணற்றடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

ஊருக்குக் கிளம்புகிற சாயங்காலம், கடைகளை இன்னும் பிரிக்கவில்லை. பலூன்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு புன்னகை செய்தார். கல்யாணப் பத்திரிகைத் துண்டை மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டேன். முதல் குண்டைப் பலூனைப் பார்க்காமல் படுதாவில் இருந்த ஒரு பூவைக் குறி வைத்துச் சுட்டேன். குண்டு பூவுக்கு இரண்டு விரற்கடை கீழே, ஒரு விரற்கடை வலது பக்கம் போயிற்று. ஆகவே அடுத்ததிலிருந்து பலூனுக்கு அவ்வளவு மேலே, அவ்வளவு இடது பக்கம் வைத்தேன். மிச்சம் ஒன்பதில் ஏழு பலூன்.

என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். நான் சொல்ல வாயெடுத்தேன். "எனக்குத் தெரியும்" என்றார்.

மூன்று. போன தடவையைவிட ஒன்று அதிகம்தான்.